ரோஜா படுக்கும் பக்கம்

நமங்கானில் எங்கள் தெருவுக்குக் குளிர்காலம் எப்போது வருகிறது என்று இனோபத்தான் சொல்வாள். வானொலி என்ன சொன்னாலும், பெண்கள் அவள் முற்றத்தை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியைக் கையில் எடுப்பார்கள். முதல் உறைபனி விழுந்த காலையில் டேலியாக்கள் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கும். உடனே எல்லோருக்கும் பதற்றம் பிடித்துக்கொள்ளும். ரோஜாவை மூட வேண்டும், செவ்வந்தியை மூட வேண்டும் என்று ஆளாளுக்குக் காய்ந்த பருத்திமாரைத் தேடி ஓடுவார்கள். இனோபத் அசையமாட்டாள். டேலியாக் கிழங்குகளை மட்டும் தோண்டி, மண்ணை உதிர்த்து, தலைகீழாக உலர வைப்பாள். தலைப்பாகைப் பூ என்று நாங்கள் சொல்லும் பியோனியின் தண்டுகளைத் தரையோடு வெட்டுவாள். ரோஜாவின் பக்கம் போகமாட்டாள்.

"இன்னும் ரெண்டு தடவை நடுங்கட்டும். அப்பத்தான் அதுக்குத் தூக்கம் வரும்" என்பாள்.

"உங்களுக்கு ஈரமே கிடையாதுக்கா" என்பாள் எதிர்வீட்டு ஹோஜர்.

"ஈரம் இருந்தாத்தான்டி அழுகும்."

ஹோஜர் அவசரப்பட்டு மூடிய ரோஜா ஒரு வசந்தத்தில் பூஞ்சை பிடித்து வெளியே வந்ததற்குப் பிறகு யாரும் இனோபத்திடம் வாதாடவில்லை.

இனோபத் பாலர் பள்ளியில் சமையல்காரியாக இருந்தவள். பெரிய கைகள், குறைந்த பேச்சு. கணவன் தோலிப் நகரப் பேருந்து ஓட்டினான். மகன்கள் இருவர்; ஒருவன் தாஷ்கந்தில், ஒருவன் ரஷ்யாவில். அவளுக்குப் பேசத் தெரியும் என்பதையே தெரு கண்டது சனோபர் அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான்.

சனோபர் தோலிப்பின் தம்பி நெமத்தின் மனைவி, இனோபத்துக்கு ஓரகத்தி. கோசோன்சாய் ஊரிலிருந்து மணப்பெண்ணாக வந்தவள். சீர்ப் பெட்டியைத் திறந்து மெத்தைகளையும் பட்டு அங்கிகளையும் உறவுப் பெண்களுக்கு ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நடுவிலிருந்து ஒரு ஈரத்துணிப் பொட்டலம் விழுந்தது. பட்டில் கறை. மாமியாரின் முகம் கோணியது. பொட்டலத்துக்குள் விரல் நீளத்தில் ரோஜாக் குச்சிகள் இருந்தன, அவள் தாய்வீட்டு வேலியில் வெட்டியவை. யாரும் வாயைத் திறக்கும் முன் இனோபத் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். அன்று சாயங்காலமே முற்றத்தின் நடுவில் அவற்றை ஊன்றி, கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து வைத்தாள். ஒன்று பிழைத்தது.

வெளிறிய ரோஜா நிறம், அடுக்கடுக்காக இதழ். பூ பெரிதில்லை. மணம் மட்டும் பக்கத்துத் தெருவரை போகும். மூன்றாவது வருடமே கூரையைத் தொட்டுவிட்டது.

கொடிரோஜாவைக் குளிருக்குப் படுக்கவைப்பது இரண்டு பேர் செய்கிற வேலை. இலைகளை உருவி, முற்றாத நுனிகளையும் கிழட்டுத் தண்டுகளையும் வெட்டி, மிச்சத்தைக் கயிற்றால் ஒரே கட்டாகக் கட்ட வேண்டும். வெயில் அடிக்கும் மத்தியானமாகப் பார்க்க வேண்டும், உறைந்திருந்தால் தண்டு ஒடியும். ஒருத்தி அடியில் காலை ஊன்றிக் கையால் அழுத்திப் பிடிப்பாள். மற்றவள் நுனியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுப்பாள். அது படுத்ததும் மேலே பருத்திமார், காய்ந்த சருகு, அப்புறம் மண். இந்தச் செடி முதல் வருடம் மேற்குப் பக்கமாகப் படுத்தது; அங்கே மண் பொலபொலவென்று இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் மேற்கேதான். அடிக்கட்டை அப்படியே வளைந்து முற்றிவிட்டது. வேறு பக்கம் தள்ளினால் முறியும்.

இனோபத் எப்போதும் அடியைப் பிடிப்பாள். சனோபர் நுனியில் நின்று வாய் ஓயாமல் பேசுவாள். மாமியார் நடப்பதுபோல் நடந்து காட்டுவாள். "கல்யாணத்தன்னிக்கு என்னையும் இப்படித்தான்க்கா படுக்கவச்சு மூடினாங்க, வசந்தத்துல எடுக்க மறந்துட்டாங்க" என்பாள். இனோபத் சிரித்து, பிடி நழுவி, கொடி மேலே துள்ளி, இரண்டு பேரும் முள்ளில் கிழிபட்டு, மறுபடி முதலிலிருந்து. இப்படியே இருபது வருடம் போயிற்று. மாமியார் போனாள். மாமனார் போனார்.

மாமனார் வீட்டைப் பிரித்துக் கொடுக்காமல் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் தாய் தகப்பன் வீடு கடைசி மகனுக்கு. மூத்தவன் வேறு வீடு கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஆனால் தோலிப்பை, "நீ என் கூடவே இருடா" என்று நிறுத்திக்கொண்டதே அந்தத் தகப்பன்தான். வருடம் திரும்பியதும் நெமத் மெல்லப் பேச்செடுத்தான். மாடி கட்ட வேண்டும், மகனுக்குப் பெண் பார்க்க வேண்டும் என்றான். தோலிப் எங்கே போவது என்றான். பேச்சு தடித்தது. "அப்பா உன்னை இரக்கப்பட்டு வச்சிருந்தாரு" என்று நெமத் சொன்ன வார்த்தையோடு எல்லாம் முடிந்தது. தெருப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து, முற்றத்தின் குறுக்கே கயிறு பிடித்தார்கள். கிழக்குப் பாதி மூத்தவனுக்கு, மேற்குப் பாதி இளையவனுக்கு.

அது ஜூன் மாதம். ரோஜா பந்தல் முழுக்கப் பூத்து நின்றது. கயிறு அதன் அடியிலிருந்து இரண்டு சாண் தள்ளி மேற்கே போயிற்று. செடி மூத்தவன் பக்கம் வருகிறது, ஒரு பூவும் வீணாகவில்லை என்று பெரியவர்களுக்குத் திருப்தி. நின்றுகொண்டிருக்கும் செடியைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அது படுக்கும் இடம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். இனோபத் சமையலறை வாசலில் நின்றாள். சனோபர் எதிர் வாசலில். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று பெரியவர்களில் ஒருவர் கேட்கவும் செய்தார். இரக்கப்பட்டு வைத்திருந்தார் என்ற வார்த்தை இனோபத்தின் காதில் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. "ஒண்ணும் இல்ல" என்றாள்.

ஒரு வாரத்தில் பச்சைச் செங்கல் சுவர் ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. நெமத் மேற்குத் தெருவில் தனி வாசல் வைத்துக்கொண்டான். அண்ணனும் தம்பியும் தொழுகைக்குக்கூட வேறு வேறு மசூதிக்குப் போனார்கள்.

அந்தக் கோடையில் இனோபத் ஒரு காரியம் செய்தாள். கொடியின் நுனிகள் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கத்தரித்தாள். ஒரு பூ அந்தப் பக்கம் போகவில்லை. கொடி யாருடையது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வெட்டினாள்.

நவம்பர் வந்தது. மூன்றாவது உறைபனியும் விழுந்தது. தோலிப்பைக் கூட்டிவந்து கொடியைக் கிழக்கே வளைத்துப் பார்த்தாள். அடிக்கட்டை முனகியது. தோலிப் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். பட்டையில் ஒரு வெடிப்பு விழுந்தது. "விடுங்க" என்று கத்திவிட்டாள். கொடி பழையபடி எழுந்து நின்றது. இதை விட்டுத் தொலைக்கலாம், சாகட்டும் என்று அவன் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் சுவரின் அடியில் எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது. எலி என்றுதான் நினைத்தாள். பக்கத்தில் போய்க் குனிந்தபோது, தரையை ஒட்டி ஒரு செங்கல் ஆடியது, விழுந்தது. ஓட்டைக்குள் சமையல் கத்தியைப் பிடித்த கை ஒன்று தெரிந்தது. மணிக்கட்டில் தந்தூர் அடுப்பு சுட்ட பழைய தழும்பு. கை இன்னொரு செங்கல்லைப் பெயர்த்தது.

"அக்கா, நீங்க அடியைப் பிடிச்சுக்கங்க" என்றது சனோபரின் குரல். "நான் இழுக்கறேன்."

இனோபத் கொடியைக் கட்டினாள், நுனியை ஓட்டைக்குள் நுழைத்தாள், அடியில் காலை ஊன்றினாள். கொடி சரசரவென்று சுவருக்குள் போய் மறைந்தது. அந்தப் பக்கம் மண் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கடைசியில் கொடி இரண்டு தடவை அசைந்தது, வேலை முடிந்தது என்பதுபோல. இனோபத் தன் பக்கத்திலிருந்து ஒரு தடவை அசைத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

மார்ச்சில், நவ்ரோஸ் புத்தாண்டு நெருங்கும்போது, மேகமூட்டமான ஒரு நாளில் கொடி மறுபடி அசையும். சனோபர் மண்ணை எடுத்துவிட்டுத் தள்ளுவாள். இனோபத் இழுத்துப் பந்தலில் கட்டுவாள். கோடையெல்லாம் இந்தப் பக்கம் பூக்கும். குளிரெல்லாம் அந்தப் பக்கம் தூங்கும்.

அடுத்த வருடம் சனோபர் ஓட்டை வழியே சொன்னாள்: "கொடி நல்லா தடிச்சிருக்குக்கா. உங்க கைச் சமையல் சாப்பிடுது போல." இனோபத்துக்குச் சிரிப்பு வந்தது. தலைக்குட்டையின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் பேசிவிடுவோம், பேசினால் அழுதுவிடுவோம் என்று இருந்தது. அதற்கடுத்த வருடம் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வரவில்லை. கொடியை அசைப்பது மட்டும் நின்றுபோகவில்லை.

ஒவ்வொரு வருடமும் கொடியைப் பந்தலில் கட்டும்போது இனோபத் தீர்மானம் செய்வாள், வரும் கோடையில் ஒரு கொடியை மட்டும் வெட்டாமல் விடுவது, அது சுவர் தாண்டிப் போய்ப் பூக்கட்டும். ஒரு வார்த்தை பேசுவதைவிட அது எளிதாகத் தோன்றியது. ஜூன் வரும். நெமத்தின் புது மாடியிலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அவள் கை கத்தரிக்கோலைத் தேடும்.

கடைசி இலையுதிர் காலத்தில் ஓட்டைக்குள் வந்த கை வேறு கை. இளசாக, மருதாணி போட்டிருந்தது. சனோபரின் மகள் முனிசா என்று புரிந்தது. ஆளை அனுப்பிவிட்டாளா, அவ்வளவு கௌரவம் வந்துவிட்டதா என்று இனோபத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் கொடி பாதி போனதும், இளம் கைக்குப் பக்கத்தில் தழும்புள்ள கை வந்து கொடியைத் தொட்டது. இழுக்கவில்லை, தொட்டுப் பார்த்தது. வளையல் முழங்கைவரை நழுவி இறங்கியிருந்தது. கை அவ்வளவு மெலிந்திருந்தது.

ஹோஜரைக் கேட்டாள். சனோபருக்கு வயிற்று வலி என்றும், தாஷ்கந்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள் என்றும் ஹோஜர் சொன்னாள். "உங்க வீட்டு ஆளாச்சே அக்கா. எங்கிட்ட கேக்கறீங்களே" என்றாள். இனோபத் அன்று அரிசிக் கஞ்சி வைத்தாள், சனோபருக்குப் பிடித்ததுபோல் நிறையத் தயிர் விட்டு. பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு மேற்குத் தெருவுக்கு நடந்தாள். வாசலில் நெமத்தின் கார் நின்றது. அதன் பின்னால் சிறிது நேரம் நின்றாள். பிறகு கஞ்சியோடு திரும்பி வந்து, தோலிப்புக்கு ஊற்றினாள். நாளைக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் பனி பொழிந்தது.

பிப்ரவரி முடியும் தறுவாயில் ஒரு விடியற்காலை அந்தப் பக்கத்திலிருந்து பெண்களின் ஓலம் எழுந்தது.

தோலிப் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். நெமத் வாசலில், துக்க வழக்கப்படி அங்கிமேல் கச்சை கட்டி நின்றுகொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் அவன் தோளில் முகத்தைப் புதைத்து, "அண்ணே, தனியாயிட்டேன் அண்ணே" என்றான். அவ்வளவுதான். பாடையின் முன்பக்கத்தை இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். இத்தனை வருடப் பகை ஆண்களுக்கு அவ்வளவு லேசாக முடிந்துபோயிற்று.

இனோபத் துக்கத்துக்கான நீல உடை போட்டுக்கொண்டு போய், பெண்களோடு நின்றாள். வழக்கப்படி அழைத்து அழைத்து அழ வேண்டும். என் தங்கையே, என் தோழியே என்று மற்றவர்கள் அழைத்தார்கள். இனோபத் தலைக்குட்டையின் நுனியைக் கடித்துக்கொண்டாள். முனிசா அவள் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

"போன கோடையில அம்மா கட்டிலை அந்தச் சுவரோரம் போடச் சொன்னாங்க பெரியம்மா" என்றாள். "அங்கதான் வாசம் வருதுன்னாங்க. நீங்க வெட்டற சத்தம் கேக்கும். 'பாருடி, உங்க பெரியம்மா கத்தரிக்கோல் இன்னும் மழுங்கல'ன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

இனோபத் அவளையே பார்த்தாள். "கோவமா?" என்றாள்.

"இல்ல பெரியம்மா. சிரிப்பாங்க."

மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. தெருவிலிருந்து உணவு வந்தது. பிறகு நினைவுநாள் சோற்றுக்கு ஏற்பாடு தொடங்கியது. விடியற்காலைத் தொழுகை முடிந்து ஊர் ஆண்கள் எல்லோரும் வருவார்கள், பெஞ்சு போட இடம் வேண்டும். நெமத்தான் அண்ணனிடம் போய்ச் சொன்னான், சுவரை எடுத்துவிடலாம் என்று. தோலிப் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். தெரு ஆண்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.

இனோபத் உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்து கேரட் அரிந்துகொண்டிருந்தாள். வெளியே தொம் தொம் என்று சத்தம் கேட்டது. விறகு பிளக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு தரை அதிர்ந்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

சுவர் மேற்குப் பக்கமாகவே விழுந்திருந்தது. புழுதி இன்னும் அடங்கவில்லை. முற்றம் முன்போல் ஒன்றாகக் கிடந்தது. செங்கற்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, பெரிய அண்டாவுக்கு அடுப்புக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். முற்றமெல்லாம் உறைந்து கல்லாக இருந்தது. சுவரடியிலிருந்து நீண்டு கிடந்த அந்த ஒரு மேட்டில் மட்டும் மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அதனால் அங்கேயே தோண்டினார்கள். உள்ளே வந்த பருத்திமாரையும் முள்கொடிகளையும் இழுத்துத் துண்டாக்கி விறகுக் குவியலில் போட்டிருந்தார்கள்.

இனோபத் ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். பட்டைக்கு அடியில் பச்சை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் பச்சை. அழுகல் இல்லை, பூஞ்சை இல்லை. எழுந்து நிற்க முடியாதவள் மகளை வைத்து எவ்வளவு பக்குவமாக மூடியிருக்கிறாள் என்று தெரிந்தது. இன்னும் மூன்று வாரத்தில் எடுத்திருக்க வேண்டும்.

நெமத் புழுதி படிந்த முகத்தோடு அவளிடம் வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "பாத்தீங்களா அண்ணி" என்றான். "சுவரை எடுத்தாச்சு. அவ இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா."

இனோபத் கையிலிருந்த துண்டைக் கீழே போடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். 

"நல்லது தம்பி" என்றாள்.

அடிக்கட்டையைப் போய்ப் பார்த்தாள். சுவர் சாய்ந்தபோது ஓட்டையில் மாட்டியிருந்த கொடி நெம்பியதில், கட்டை பழைய வெடிப்போடு பிளந்து தரையோடு கிழிந்திருந்தது. விறகுக் குவியலிலிருந்து பொறுக்கிய துண்டுகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனாள். ஒவ்வொன்றையும் விரல் நீளத்துக்கு நறுக்கி, ஊன்றி, வீட்டிலிருந்த ஊறுகாய் ஜாடிகளையெல்லாம் காலிசெய்து கவிழ்த்தாள். மார்ச் கடைசியில் எல்லாவற்றிலும் துளிர் வந்தது. ஹோஜர் பார்த்துவிட்டு மகிழ்ந்து போனாள். இனோபத் மகிழவில்லை. தண்டில் மிச்சமிருக்கும் சத்தை வைத்து வருகிற துளிர் அது, வேர் பிடித்ததற்கு அடையாளம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மே மாத வெயிலில் ஒன்றன்பின் ஒன்றாக வாடின. ஒன்றுகூட நிற்கவில்லை.

ஜூன் நடுவில், அவள் எதையும் எதிர்பார்க்காமல் இருந்தபோது, கிழிந்த அடிக்கட்டைக்குப் பக்கத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு சிவப்பாக ஒரு குருத்து வந்தது. ஒட்டுக் கட்டாத செடி, அதனால் வேரிலிருந்து வந்தாலும் அதே ரோஜாதான். பூக்கவில்லை. முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றுவிட்டது. அதற்குக் கத்தரிக்க நுனி இல்லை. தாண்டச் சுவரும் இல்லை. இனோபத் கத்தரிக்கோலை ஆணியில் மாட்டியவள் கோடை முழுக்க எடுக்கவில்லை. பியோனிகளின் காய்ந்த தலைகள் அப்படியே நின்றன.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் மலைப்பக்கமிருந்து குளிர்காற்று வீசியது. உறைபனி விழவில்லை. டேலியாக்கள் இன்னும் பூத்துக்கொண்டிருந்தன. இனோபத் கூடையில் சருகை நிரப்பிக்கொண்டு போய், அந்தக் குருத்தைச் சுற்றிக் குவிக்க ஆரம்பித்தாள். தெருவில் போன ஹோஜர் வாசலில் நின்றாள். இப்போதே மூடுகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தவள், இனோபத்தின் முதுகைப் பார்த்துவிட்டு, தன் வழியே நடந்தாள்.

தோலிப் வந்து பக்கத்தில் நின்றான். "இன்னும் பனியே விழலையே."

"தெரியும்."

"பிடிக்கணுமா? நான் வேணும்னா அடியைப் பிடிச்சுக்கறேன்."

இனோபத் நிமிர்ந்து பார்த்தாள். குருத்து அவள் முழங்கால் உயரம்தான் இருந்தது. மேற்கே படுக்க வேண்டும் என்றோ, கிழக்கே படுக்க வேண்டும் என்றோ அதற்கு எதுவும் பழகியிருக்கவில்லை. படுக்கவைக்கவே வேண்டாம், நின்றபடியே மண்ணைக் குவித்தால் மூடிக்கொள்ளும்.

"வேண்டாங்க" என்றாள். "இதுக்கு ஒரு ஆள் போதும்."

அவன் போன பிறகும் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நுனி மறைந்து, மேடு உயர்ந்து, தேவைக்கு மேல் உயர்ந்து, கை தானாக நிற்கும்வரை.